பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைக்க வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 41 வயது வாசகர் எழுதியிருக்கிறார். மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், கூடவே வயதான அப்பா. சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் தெருவிலும் இவருக்குப் ‘பிள்ளைப்பூச்சி’ என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் மறுக்க வராது. மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை கணவருக்குப் பணமுடை என்றபோது மனைவியின் 6 பவுன் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். நகை இன்னும் திரும்பவில்லை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது அதே மாப்பிள்ளை ஹாலோ பிளாக் கம்பெனி தொடங்க வங்கியில் 15 லட்சம் கேட்டிருக்கிறார். அதற்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம், வரும் வெள்ளிக்கிழமை.

“மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பிறகு முடியாதுன்னு சொல்றதா?” என்கிறார் அப்பா. “உங்களுக்கும் பூம்பூம் மாட்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்ட மனைவி, பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனவுறுதியை வளர்க்கும் ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறார். அங்கே பேசியவர், “உறுதியில்லாதவன் மரம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். இன்றிலிருந்து நீங்கள் சிங்கம்” என்று எல்லோரையும் எழுந்து கத்தச் சொன்னாராம். கத்திவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த வாரம் மகனின் வகுப்பு ஆசிரியை, “இவன் ஒரு தொட்டாச்சிணுங்கி” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். வாசகர் கேட்பது இதுதான்: “நான் பிறவியிலேயே இப்படியா? சிங்கமாக மாற வழி உண்டா? என் மகனும் என்னைப் போலவே ஆகிவிடுவானா?”

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் படாத ஒன்று இரண்டாவது முறை பட்டது. மில் வேலையைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் வந்த பஞ்சு லோடில் எடை குறைந்தது. பேலுக்கு 170 கிலோ என்று பில் போட்டிருந்தார்கள். எடைச் சீட்டு வேறு கணக்குச் சொன்னது. மேலாளர் மூன்று முறை கூப்பிட்டுச் சொல்லியும் நீங்கள் அந்தப் பில்லில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இரண்டு மாதம் அவர் உங்களிடம் சிடுசிடுத்தார் என்று அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரிகள் அவைதான். வெள்ளிக்கிழமை கையெழுத்துக் கேட்கப்போவதும் அதே கையைத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உறுதி இல்லாதவர்களைச் சொல்ல நம்மிடம் செடியும் பூச்சியும் மாடும் நிறையவே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘நான் இதெல்லாம்தான்’ என்று நீங்கள் தூக்கிச் சுமக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு பழக்கத்தைச் சொல்கிறது. மதில்மேல் பூனைக்கு முடிவெடுக்க வராது. செம்மறி ஆடு முன்னால் போகிற ஆட்டின் பின்னால் போகும். தொட்டாச்சிணுங்கி சட்டென்று மனம் சுருங்கும். உங்கள் கடிதத்தில் முடிவு தெளிவாகவே இருக்கிறது: ‘எனக்கு இதில் துளியும் இஷ்டமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் மதில்மேல் பூனை இல்லை. தெரிந்த முடிவை வாயால் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைப்பூச்சி என்ற பெயர்

நான் கிராமத்தில் வளர்ந்தவள். வயல் வரப்பில் ஈர மண்ணைக் கிளறினால் பிள்ளைப்பூச்சி கிடைக்கும். அதைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடிப் பாருங்கள். மண்வெட்டி போன்ற இரண்டு முன்னங்கால்களால் விரல்களை அகட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அத்தனை சிறிய உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று சிறுவயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொட்டாது, கடிக்காது, அதனால் நாம் அதை ஒன்றுக்கும் ஆகாதது என்று முடிவு கட்டிவிட்டோம். இன்னொரு பக்கம், சேற்றிலேயே வாழ்ந்தும் உடம்பில் சேறு ஒட்டாத பூச்சி என்று ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இதையேதான் உயர்வாகவும் சொல்கிறார்கள். பூச்சி ஒன்றுதான். சொல்கிறவர் வாய்தான் வேறு.

இந்தப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேசாமல் இருக்கும் வரை பிள்ளைப்பூச்சி என்பார்கள். ஒருநாள் வாயைத் திறந்துவிட்டால், “பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிருச்சு” என்பார்கள். அடங்கி இருந்தாலும் கேலி, நிமிர்ந்தாலும் கேலி. இரண்டுக்கும் சொல் தயாராக இருக்கிறது. முதல் தடவை ‘முடியாது’ என்று சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேலிக்குத்தான் பயப்படுகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்தச் சொல் வரும் என்று இப்போதே எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. இத்தனை வருடம் உங்களிடம் கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகியவர்களுக்கு இன்று கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். ‘நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைப்பூச்சியும் யாரையும் கொட்டுவதில்லைதான். ஆனால் மண்ணுக்குள் நாற்றின் வேரைத் தின்றுவிடும். விவசாயிக்கு அது தெரியும். உங்கள் தலையாட்டலுக்கு மூன்று வருடமாக விலை கொடுத்துக்கொண்டிருப்பவர் உங்கள் மனைவி. ‘வீட்டு நகைதானே’ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடைய சொந்தச் சொத்து. கணவனுக்கு அதில் பங்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் உங்கள்மேல் வழக்குப் போடுவார் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவருடைய கோபத்தை நீங்கள் ‘அவமானப்படுத்துகிறாள்’ என்று படிக்கிறீர்கள். நான் அதை ‘என் பொருளும் போய், அடுத்து வீடும் போய்விடுமோ’ என்ற பயமாகப் படிக்கிறேன்.

உங்களுக்கு வைத்த பெயர்களிலேயே சரியான பெயர் அவர் சொன்னதுதான் என்பேன். பூம்பூம் மாடு தானாகத் தலையாட்டுவதில்லை. உருமிச் சத்தத்துக்கும் மாட்டுக்காரரின் குரலுக்கும் ஆட்டும்படி பழக்கியிருக்கிறார்கள். ‘நல்லது நடக்குமா’ என்ற கேள்வி அதற்குப் புரியாது, சத்தம்தான் புரியும். உங்களுக்கு எந்தச் சத்தம்? கடிதத்திலேயே இருக்கிறது: அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு “நம்ம குடும்ப மானம்” என்று தொடங்குவது, மாப்பிள்ளை தோளில் கை போட்டு “உங்களை விட்டா எனக்கு யாரு?” என்பது. இந்த இரண்டு சத்தமும் கேட்டவுடன் கேள்வி என்ன என்று பார்ப்பதற்கு முன்பே தலை ஆடிவிடுகிறது. பிள்ளைப்பூச்சி என்றால் பிறவி. பூம்பூம் மாடு என்றால் பழக்கம். பழக்கத்தை மாற்றலாம்.

மரமும் சிங்கமும்

வள்ளுவர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஊக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், “உரமொருவற்கு உள்ள வெறுக்கை” என்று தொடங்கி, மனத்தில் ஊக்கம் இல்லாதவர்கள் மக்கள் உருவில் இருக்கும் மரங்களே என்று முடிகிறது. ஆனால் அந்த வகுப்பில் பேசியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அதே வள்ளுவர் காலமறிதலில், “ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து” என்கிறார். சண்டைக்கடா மோதுவதற்கு முன்னால் நாலடி பின்வாங்குமே, உறுதியுள்ளவன் ஒடுங்கி இருப்பது அதைப் போன்றது என்கிறார். ஆக, அமைதியாக இருப்பதும் ஒதுங்கி நிற்பதும் தன்னளவில் கோழைத்தனம் ஆகாது.

கூடா ஒழுக்கத்தில் இன்னொரு குறள் இருக்கிறது. மனவலிமை இல்லாதவன் வலியவன்போல வேடம் போடுவது, பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்வது போன்றது என்று. அவர் சொல்வது பொய்த் தவசியைப் பற்றி. ஆனால் ‘இன்றிலிருந்து நீங்கள் சிங்கம்’ என்று கத்தவைக்கிற வகுப்புகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள்தான் ஞாபகம் வருகிறது. கத்திவிட்டு வந்தவர் முதல் வேலையாக யார்மேல் பாய்வார்? மாப்பிள்ளைமேலோ மேலாளர்மேலோ இல்லை, பெண்டாட்டிமேலும் பிள்ளைமேலும்தான். அடங்கிப்போவது ஒரு பக்கம், அடக்கி ஆள்வது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், குரலை உயர்த்தாமல் தன் நிலையைச் சொல்வது என்று ஒன்று இருக்கிறது. அதைப் பயிற்சியால் கற்றுக்கொடுக்கலாம் என்று ஜோசப் வோல்ப் போன்ற மனநல மருத்துவர்கள் 1950-களிலேயே காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். உங்களுக்குச் சிங்கம் வேண்டாம்.

ஜாமீன் கையெழுத்து பற்றி

இதில் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள் தவறு. எங்கள் ஆலோசனை மையத்தில் உள்ள வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். ‘அவர் கட்டாவிட்டால் வங்கி முதலில் அவர் சொத்தைத்தான் எடுக்கும், என்னிடம் கடைசியில்தான் வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-ன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் அடிபடும். நாளைக்கு மகன் படிப்புக்கு நீங்கள் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும்.

‘பிடிக்கவில்லை என்றால் பிறகு எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்’ என்று மாப்பிள்ளை சொன்னதும் சரியில்லை. ஒரே கடனோடு முடியாமல் அடுத்தடுத்து வாங்கும் கடனுக்கும் சேர்த்து நிற்பது தொடர் ஜாமீன். அதிலிருந்து விலகினாலும் இனிமேல் வாங்கப்போகிற கடனுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட கடனிலிருந்து தன்னிஷ்டத்துக்கு விலக முடியாது. ‘வீட்டில் வற்புறுத்தினார்கள்’ என்று பின்னால் நிரூபிப்பதும் லேசில்லை. மில்லில் கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். அசல், வட்டி, தவணை எல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இப்போது அந்தப் பஞ்சு லோடுக்கு வருகிறேன். மேலாளரிடம் எப்படி மறுத்தீர்கள்? கையில் எடைச் சீட்டு இருந்தது. அவர் குரலை உயர்த்தியபோதெல்லாம் நீங்கள் சீட்டைப் பார்த்தீர்கள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் உங்களிடம் சீட்டு இல்லை. அப்பா முகமும் மாப்பிள்ளை முகமும் மட்டும் இருக்கின்றன. ஆகவே ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள், நிஜமாகவே ஒரு தாளில். உங்கள் மாதச் சம்பளம், வீட்டுச் செலவு, நகைக் கடன் வட்டி, 15 லட்சத்துக்கு மாதத் தவணை எவ்வளவு வரும், அது உங்கள் தலையில் விழுந்தால் மீதி என்ன நிற்கும். இன்றைக்கே எழுதுங்கள்.

எப்படிச் சொல்வது

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். வங்கி வாசலில், மேலாளர் எதிரில், பேனாவைக் கையில் கொடுத்த பிறகு மறுப்பது யாருக்குமே கஷ்டம். முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். நேரில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை; தோளில் கை விழாத தூரம் உங்களுக்கு இப்போது நல்லது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்: “மாப்ள, ஜாமீன் கையெழுத்து என்னால போட முடியாது. யோசிச்சு முடிவு பண்ணிட்டேன்.” அவர் ஏன் என்பார். காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு வழி வைத்திருப்பார். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் தலையாட்டல்தான். முக்கியமாக, “உங்க அக்கா வேண்டாங்கிறா” என்று மனைவிமேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் முடிவு, உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். முந்தின நாள் கண்ணாடி முன்னாலோ, மொட்டை மாடியிலோ சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அப்பாவிடம், “தங்கச்சிக்கு ஒண்ணுன்னா நான் முன்னாடி நிப்பேம்ப்பா. கடனுக்கு ஜாமீன் நிக்க மாட்டேன்” என்று சொல்லலாம். உதவவும் வழி இருக்கிறது. மாப்பிள்ளையின் தொழிலுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுக் கொடுங்கள். அது உங்கள் கைவந்த வேலை. முத்ரா போலப் பிணை கேட்காத கடன் திட்டங்கள் இருக்கின்றன, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். மனதார முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மறுத்ததற்குப் பரிகாரமாக வேண்டாம்.

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். அப்பா சில நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கலாம். மாப்பிள்ளை பேச்சை நிறுத்தலாம், தீபாவளிக்கு வராமல் போகலாம். பெரும்பாலான குடும்பங்களில் இது ஆறிவிடும், சிலவற்றில் ஆறாது. ‘தங்கச்சி வாழ்க்கை பாதிக்குமோ’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. “உங்க அண்ணன் கையெழுத்துப் போடலைன்னா பார்” என்று அவளை மிரட்டினால், அது உங்கள் தப்பு ஆகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐத் தங்கையின் போனில் போட்டு வையுங்கள். தங்கையோடு தனியாக ஒரு தடவை பேசிவிடுங்கள். அவளும் இந்தக் கடனை விரும்பவில்லை என்றுகூடத் தெரியவரலாம்.

மகன் விஷயம்

அவன் உங்களைப் போலவே ஆகிவிடுவானா என்று கேட்டீர்கள். புதிய ஆட்களைக் கண்டால் சட்டென்று ஒடுங்கும் சுபாவம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளிலிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள் இதைக் கவனித்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை புதியவற்றுக்கு மிகையாக மிரள்வதாகக் கண்டார். ஆனால் அப்படி மிரண்டவர்கள் எல்லோரும் கூச்ச சுபாவிகளாக வளரவில்லை. சுபாவம் தொடங்கும் இடத்தைத்தான் தருகிறது.

தொட்டாச்சிணுங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் வெளியான ஒரு ஆய்வில் மோனிகா காலியானோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தச் செடியைத் தொட்டியோடு சிறிது உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் இலையை மூடிக்கொண்டது. கெடுதல் ஒன்றும் வரவில்லை என்றானதும் மூடுவதை நிறுத்திவிட்டது. செடிக்கு ஞாபகம் உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் சுருங்கியது நிமிர்ந்ததை அவர்கள் பார்த்தார்கள். அந்தச் செடியின் தண்டில் முள் இருக்கிறது என்பதையும் பெயர் வைத்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஆசிரியையிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மனைவியை அனுப்பாதீர்கள். “டீச்சர், என் பையனுக்குப் பேர் இருக்கு. வகுப்பில அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க” என்றால் போதும். குழந்தையை மன உளைச்சலுக்கு உள்ளாக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதை எடுத்த எடுப்பில் நீட்ட வேண்டியதில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் குரல் நடுங்காது. உங்கள் ‘முடியாது’ பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. பிள்ளைக்காகக் கேட்பது நமக்காகக் கேட்பதைவிட எளிது.

கடைசியாக ஒரு விஷயம், இதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாட்டில் ருசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது சுபாவத்தில் வராது. மனச்சோர்வாக இருக்கலாம், அப்போது சின்ன முடிவுகூட மலையாகத் தெரியும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தைராய்டும் பார்த்துக்கொள்வது நல்லது. இரவில் மனம் ரொம்பப் படுத்தினால், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

அந்தக் கணக்குத் தாளை எழுதி முடித்ததும் முதலில் மனைவியிடம் காட்டுங்கள். கூடவே நகை அடகு ரசீதையும் எடுத்து வையுங்கள். எந்த மாதத்திலிருந்து அசலில் எவ்வளவு கட்டி எப்போது மீட்கப் போகிறீர்கள் என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதி, அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.